பேசியவர்கள்

திரையில் தாரகையின் பெயருக்கு நேரே 'ஒழுக்கப் புள்ளி: 31' என்று வந்தபோது, கோமதி டீச்சர் அதை வேறு யாருடைய மகளுக்கோ வந்த எண் என்றுதான் நினைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். முப்பத்தொன்றுதான். அதுவும் நூற்றுக்கு.

"ஏட்டி, இது உன் நம்பர்தானா?"

"நம்பரும் என்னுதுதான், போட்டோவும் என்னுதுதான்" என்றாள் தாரகை. அவள் குரலில் பதற்றமே இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

திருநெல்வேலி கவுன்சலிங் மண்டபத்தில் அன்று காலை கால்நடை மருத்துவப் படிப்புக்கான இடங்கள் ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, மேடையில் இருந்த பெரிய திரையைப் பார்த்தபடியே டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். மார்க்குக்கு முக்கால் பங்கு, ஒழுக்கப் புள்ளிக்குக் கால் பங்கு. இரண்டையும் கூட்டித்தான் வரிசை. தாரகையின் மார்க்குக்கு இடம் நிச்சயம் என்று வீட்டில் கேசரி கிண்டிச் சாப்பிட்டும் ஆகிவிட்டது. ஒழுக்கப் புள்ளியைப் பற்றி யாரும் கவலைப்படவே இல்லை. கவலைப்பட என்ன இருக்கிறது? ஒன்றாம் வகுப்பில் பென்சில் சீவிய தூளைக் கீழே போடக் கூடாது என்று சொன்னதற்காக அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளை அவள்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் பிரசவத்தில் கன்று குறுக்கே நின்றுவிட்டது. டாக்டர் வந்து சேர்வதற்குள் கன்றும் போய், பசுவும் போயிற்று. அதைக் கடைசிவரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, "நான் மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன்" என்று தாரகை சொன்னாள். சின்னப் பிள்ளைகள் சொல்வது வாரத்துக்கு ஒருமுறை மாறும். இவள் அன்றிலிருந்து பேச்சை மாற்றவே இல்லை. மூன்று வருஷம் விளையாட்டு, சினிமா, கல்யாண வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படித்தாள். அந்தப் படிப்புதான் இப்போது முப்பத்தொன்று என்ற ஓர் எண்ணின் முன்னால் கைகட்டி நின்றது.

'நல்வழி' என்ற அந்தத் திட்டம் வந்தபோது தாரகை குழந்தை. வெறும் மார்க்கை வைத்துப் பிள்ளைகளை எடை போட்டால் படித்த ரவுடிகளைத்தான் உருவாக்குவோம் என்று பெரியவர்கள் பேசினார்கள். சிறு வயதில் ஒருவன் வகுப்பில் எப்படி நடந்துகொண்டான் என்பதை வைத்து, கல்லூரியில் அவன் எப்படி இருப்பான், பாதியில் விடுவானா, வம்பு வளர்ப்பானா என்று இயந்திரத்தால் சொல்ல முடியும் என்று நிபுணர்கள் புள்ளிவிவரத்தோடு நிரூபித்தார்கள். கோமதி டீச்சரும் அப்போது ஆசிரியர் கூட்டத்தில் கைதட்டினாள். பிள்ளைகள் பயந்து நடக்கும் அல்லவா? பதிவுகளை யாரும் துஷ்பிரயோகம் செய்துவிடக் கூடாது என்பதற்காக, பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை எல்லாவற்றையும் பூட்டி வைத்தார்கள். பூட்டைத் திறக்கும் நாள் இந்த மண்டபத்தில்தான் வரும்.

முறையீட்டு அறை மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே எட்வின் தங்கராஜ் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறும் வயதை ஒட்டிய மனிதர். எதற்கும் அவசரப்படாதவர், எதற்கும் ஆச்சரியப்படாதவர். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, பிளாஸ்கிலிருந்து தனக்கு மட்டும் டீ ஊற்றிக்கொண்டார்.

"நாலாம் வகுப்புலதான் விழுந்திருக்கு. அந்த ஒரு வருஷந்தான். மத்த வருஷமெல்லாம் பளிச்னு இருக்கு" என்று திரையில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "வெள்ளைக்குளம் தொடக்கப் பள்ளி. யாரு அங்க வகுப்பு டீச்சர்?"

"நாந்தான் சார்" என்றாள் கோமதி.

எட்வின் ஒரு வாய் டீ குடித்தார். "டீச்சர் பிள்ளையா? அப்பம் சரிதான்" என்றார்.

"என்ன சார் சரிதான்?"

அவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அதில் ஒரு பச்சைப் பலகை தெரிந்தது. இடது ஓரத்தில் தேதி, வருகை தந்தோர், வராதோர். நடுவில் பாதி அழிந்த ஒரு பின்னக் கணக்கு. வலது ஓரத்தில், ஓர் எழுத்துகூடச் சாயாத சின்னக் கையெழுத்தில், மேலே தாரகை என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே வேறு ஐந்து பெயர்கள். சிலவற்றுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள்.

"பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது, குரலைப் பதியக் கூடாதுன்னு கோர்ட்ல தடை வாங்கிட்டாங்கள்லா?" என்றார் எட்வின். "நியாயந்தான். அப்பம் காமிராவை எதைப் பார்த்து வைக்க? போர்டைப் பார்த்து வச்சாங்க. போர்டுக்கு மானம் ரோசம் கிடையாது பாருங்க. டீச்சர் என்ன நடத்துதாங்க, வீட்டுப்பாடம் என்ன, அதைத்தான் பதியணும்னு ஏற்பாடு. ஆனா நம்ம ஊர் போர்டுல வேற என்ன இருக்கும்?"

கோமதிக்கு விடை தெரிந்தது.

"பேசுனவங்க பேரு" என்றாள் தாரகை.

"அதேதான். இயந்திரம் செஞ்சவனுக்கு நம்ம பள்ளிக்கூடத்துப் பழக்கம் தெரியாது. ஆனா இயந்திரம் அவனைவிட சூட்டிகை. ஒரு மாசத்துல அதுவே படிச்சுக்கிட்டுது. போர்டு ஓரத்துல வரிசையா பேரு இருந்தா குத்தவாளிங்க. பக்கத்துல பெருக்கல் குறி இருந்தா திரும்பத் திரும்பக் குத்தம் செஞ்சவங்க. தமிழ்நாடு பூரா அப்படித்தான் பதிவு ஏறியிருக்கு."

"அப்படின்னா என் மக பேரு எதுக்கு அதுல?" என்று கேட்டாள் கோமதி.

"ம்மா, நான் லீடர்லா" என்றாள் தாரகை. "லீடர் பேரை மேல எழுதி கோடு போடணும்னு நீதான சொல்லிக்குடுத்த."

இயந்திரத்துக்கு லீடர் தெரியாது. மேலே இருந்த பெயரை முதல் குற்றவாளியின் பெயராக அது எடுத்துக்கொண்டது. அடிக்கோடு இருந்ததால் முக்கியமான குற்றவாளி. அந்த வருஷம் முழுக்க, பள்ளிக்கூடம் நடந்த ஒவ்வொரு நாளும், வெள்ளைக்குளம் நாலாம் வகுப்பில் அடங்காத வாயாடி என்று தாரகையை அது குறித்து வைத்துக்கொண்டது.

கோமதிக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே உயிரும் வந்தது. "அட கொடுமையே! தப்பா வாசிச்சிருக்கு, அவ்வளவுதான சார்? திருத்திருங்க."

"திருத்திரலாம். சீசன் வந்தாலே இந்த ரூமுக்கு லீடருங்கதான் வந்துக்கிட்டிருக்காங்க. வகுப்புலயே அடக்கமான பிள்ளைன்னு யாரைப் பிடிச்சு நிறுத்துனீங்களோ, எல்லாம் வருது." எட்வின் டம்ளரைக் கீழே வைத்தார். "கையெழுத்தைச் சோதிச்சு இவதான் எழுதுனான்னு போட்டுட்டா போதும். எழுதுனவளுக்கு முப்பத்தொண்ணு தொண்ணூறைத் தாண்டிரும். ஆனா ஒண்ணு இருக்கு."

அந்த ஒன்றை அவர் நிதானமாக விளக்கினார். யார் எழுதியது என்று தெரியாத பெயர்களை நல்வழி பாதி எடையில்தான் வைத்திருந்தது. எழுதியது இன்னார் என்று உறுதியானால், எழுதியவர் சாட்சி ஆகிவிடுவார். சாட்சி இருக்கும் குற்றத்துக்கு முழு எடை. எனவே தாரகை இங்கே ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நான் எழுதிய பெயர்கள் எல்லாம் உண்மையிலேயே பேசியவர்களுடைய பெயர்கள் என்று அதில் சொல்ல வேண்டும். சொன்ன நிமிஷத்தில் அவள் புள்ளி ஏறும். கீழே இருந்த மற்றவர்களின் புள்ளி இறங்கும்.

"அந்தப் பிள்ளைகள்ல யாரெல்லாம் இந்த வருஷம் வரிசையில இருக்காங்கன்னு நான் சொல்லக் கூடாது" என்றார் தாரகையிடம். "உங்களுக்கே தெரியும். எழுதுனது நீங்கதான."

"உண்மை இல்லன்னு சொன்னா?" என்று கேட்டாள் தாரகை.

"பொய்ப் பதிவு. ஒன்பது வயசுல சக மாணவர்கள் பேருல பொய்க் குத்தம் சாட்டுனதா ஏறும். முப்பத்தொண்ணு பதினெட்டாயிரும். பேசுறதைவிட பொய் சொல்றது பெரிய குத்தம் பாருங்க."

கோமதி எழுந்து மகளின் தோளைத் தொட்டாள். "ரெண்டு நிமிஷம் சார், வெளிய நின்னு பேசிட்டு வந்திருதோம்."

"தாராளமா. மத்தியானம் கடைசிப் பட்டியல் ஓடும். அதுக்குள்ள சொல்லிருங்க" என்றார் அவர்.

நடைபாதையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அம்மாவும் மகளும் நின்றார்கள்.

"இதுல யோசிக்க என்னட்டி இருக்கு? பேசுனாங்க, எழுதுன. அதைத்தான கேக்காரு? ஆமான்னு சொல்லிட்டு வா."

"பேசல."

"யாரு பேசல?"

"பாதிப் பேரு பேசல. நீ ஒவ்வொரு நாளும் வந்து போர்டைப் பார்ப்ப. பேரு இல்லன்னா என்னைத்தான் திட்டுவ. 'அம்பது பிள்ளைக வகுப்புல ஒருத்தன்கூடவா பேசல? நீ லீடரா, கல்லுப் பிள்ளையாரா?'ன்னு எல்லாருக்கும் முன்னால கேட்ட. நான் என்ன செய்வேன்? அஞ்சு பேராவது இருந்தாத்தான் நீ சும்மா இருப்ப. அதனால அஞ்சு பேரு எழுதுவேன்."

கோமதிக்கு அப்படிக் கேட்டது ஞாபகம் இல்லை. ஆனால் கல்லுப் பிள்ளையார் என்பது அவள் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தைதான். இப்போதும் வகுப்பில் அதைச் சொல்கிறாள்.

"சரி, யாரோ நாலு வாலுப் பயலுவ. அவன்க பேசாம இருந்திருந்தாத்தான் அதிசயம்."

"வாலுப் பயலுவ பேரை எழுதுனா சாயங்காலம் வழியில மறிச்சு அடிப்பானுவ. எழுதுனா சண்டைக்கு வராத ஆளாப் பார்த்துத்தான் எழுதுவேன்." தாரகை தொட்டியின் குழாயைத் திறந்தாள், மூடினாள். "கார்த்தியாயினி பேருதான் ரொம்ப இருக்கும். தினமும் இருக்கும். பெருக்கல் குறியும் போடுவேன்."

"எந்தக் கார்த்தியாயினி? லோடு வேன் ஓட்டுதாரே, அந்த முருகையா மகளா?" கோமதி வியப்போடு பார்த்தாள். "அது வாயே திறக்காதேட்டி. பொம்மை மாதிரி உக்காந்திருக்கும்."

"அவளுக்குத் திக்குவாய்ம்மா. அதான் திறக்க மாட்டா."

கோமதிக்கு இது புதிய செய்தி. இரண்டு வருஷம் அந்தப் பிள்ளை அவளிடம் படித்தது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்கும், தரையைப் பார்க்கும், உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடும். அடக்கமான பிள்ளை, கொஞ்சம் மந்தம் என்று கோமதி அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, அதோடு விட்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியபோது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருக்கும் என்று நினைத்ததும் உண்டு. இதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"முதல்நாள் எழுதுனப்ப எந்திரிச்சு நின்னா. நான் பேசலன்னு சொல்ல வந்தா. சொல்ல வரல. நா... நா...ன்னு நின்னா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானுந்தான். அதுக்கப்புறம் அவ எந்திரிக்கவே இல்ல. எனக்கு அது ரொம்பச் சௌகரியமாப் போச்சு." தாரகை அம்மாவை நேராகப் பார்த்தாள். "அவளும் உள்ளதான் உக்காந்திருக்கா. காலையிலயே பார்த்தேன். அவளுக்கும் இதே படிப்புதான் வேணும்போல. நான் உண்மைன்னு சொல்ல மாட்டேன்ம்மா."

"பொய்னு சொன்னா உன் படிப்பு போயிரும்."

"தெரியும். ஒண்ணும் சொல்லாமப் போயிருதேன். முப்பத்தொண்ணோடயே இருக்கட்டும்."

கோமதிக்கு ஆத்திரம் வந்தது. மகள்மேல்தான் வந்தது. நல்லவளாக இருப்பதற்கு இந்தப் பெண் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பார்! பளார் என்று ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. மூன்று வருஷமாக இந்தப் பெண் தூக்கம் வராமலிருக்க முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு படித்ததைப் பார்த்தவள் அவள். யாரோ ஒரு லோடு வேன் டிரைவர் மகளுக்காக அதை ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்? பெற்ற தாயே வாக்குமூலம் கொடுக்க முடியுமென்றால் அந்த நிமிஷமே போய்க் கொடுத்திருப்பாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆசிரியத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவளுக்கு அரசாணைகள் கொஞ்சம் அத்துப்படி. அவள் விறுவிறுவென்று முறையீட்டு அறைக்குள் திரும்பிப் போனாள்.

"சார், ஒரு சந்தேகம். வகுப்புல டீச்சரே இல்லாத நேரம் போர்டுல எழுதுனது செல்லுமா?"

எட்வின் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளை முழுசாகப் பார்த்தார்.

"செல்லாது" என்றார். "டீச்சர் இல்லன்னா அது வகுப்பே இல்ல. கூட்டம். கூட்டத்துல எழுதுனதுக்கு எடை கிடையாது. எல்லாப் பேரும் நீங்கிரும், உங்க மக பேரு உள்பட. கோர்ட் போட்ட விதிதான். ஆனா அதைக் கேட்டுக்கிட்டு இந்த ரூமுக்கு ஒரு டீச்சரும் வந்தது கிடையாது."

வராததற்குக் காரணம் கோமதிக்குத் தெரியும். வெள்ளைக்குளம் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்கள்தான். அதில் ஒருத்தியான தலைமையாசிரியை பாதி நாள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருப்பாள். மீதி நேரம் முட்டைக் கணக்கு, வாக்காளர் பட்டியல், யாராவது கேட்கும் ஏதாவது ஒரு விவரம். கோமதி காலையில் நாலாம் வகுப்பு வாசலில் நின்று, "பேசுறவங்க பேரை எழுதி வை" என்று சத்தம் போட்டுவிட்டு மூன்றாம் வகுப்புக்குப் போவாள், அங்கிருந்து ஐந்தாம் வகுப்புக்குப் போவாள், சாயங்காலம் வந்து போர்டைப் பார்ப்பாள். நாலாம் வகுப்பில் எல்லாப் பாடவேளையும் தான் நடத்தியதாகத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். அது பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலை நடக்க வேண்டுமே என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"நீங்க அப்படி வாக்குமூலம் கொடுத்தா அது உங்க பணிப் பதிவேட்டுக்குப் போகும்" என்றார் எட்வின். "பொய்க் கையெழுத்து. விசாரணை வரும். தலைமையாசிரியர் பட்டியல்ல இருக்கீங்களா?"

"அடுத்த பேரு எம்பேருதான்."

"அது இருக்காது" என்றார் அவர் வெகு சாதாரணமாக. "நல்லா யோசிச்சுக்கிடுங்க. உங்க மக சும்மா ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்களுக்கு ஒரு சேதாரமும் இல்ல."

"அவ சொல்ல மாட்டா சார்."

"ஏன்?"

கோமதி கண்ணாடியைத் துடைத்தாள். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். யாருக்கும் கெடுதல் இல்லை, மகளின் புள்ளி ஏறிவிடும், மகளும் பெரிய தர்மவதியாகவே இருந்துகொள்ளலாம், நஷ்டம் தனக்கு மட்டும்தான். தலைமையாசிரியை நாற்காலி பெரிய சிம்மாசனம் ஒன்றும் இல்லை. அதைவிட மகள் டாக்டர். இந்த யோசனை தனக்கு வந்ததை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"நான் வகுப்புல இல்ல சார். அந்த வருஷம் பெரும்பாலும் நான் அந்த வகுப்புலயே இல்ல" என்று எட்வின் நகர்த்தி வைத்த மைக்கில் சொன்னாள். இயந்திரம் அதைப் பதிவு செய்துகொண்டு நன்றி சொன்னது.

மத்தியானம் கடைசிப் பட்டியல் ஓடியது. கால்நடை மருத்துவத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். கோமதி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தை மகளிடம் பாதிதான் சொல்லியிருந்தாள். பதிவு முழுக்க நீங்கிவிட்டது, யார் பெயருக்கும் பாதகம் இல்லை என்று மட்டும் சொன்னாள். தாரகை அதை நம்பாமல், ஆனால் நம்ப ஆசைப்பட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாரகையின் ஒழுக்கப் புள்ளி முப்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்று நாலுக்குத் தாவியது. வரிசையில் அவள் பெயர் கிடுகிடுவென்று மேலே ஏறியது. கோமதி "முருகா" என்றாள். ஏறிய பெயர் இரண்டாவது இடத்தில் வந்து நின்றது.

அதற்கு மேலே இருந்த பெயர் மு. கார்த்தியாயினி.

அது எப்படி என்று புரிய கோமதிக்குச் சற்று நேரம் ஆயிற்று. எல்லாப் பெயரும் நீங்கினால் அந்தப் பெயரும்தானே நீங்கும். தாரகையைவிட அந்தப் பெண்ணுக்கு மார்க் மூன்று கூட. இத்தனை காலமும் அவளைக் கீழே அழுத்தி வைத்திருந்தது வெள்ளைக்குளம் நாலாம் வகுப்புப் பலகை மட்டும்தான். அந்தப் பலகையைக் கோமதியே இப்போது தன் கையால் கழற்றிப் போட்டிருக்கிறாள். தலைமையாசிரியை நாற்காலியும் போனது, மகளின் இடமும் போனது. எட்வினுக்கு இது முன்பே தெரிந்திருக்குமோ என்று நினைத்தாள். தெரிந்திருந்தாலும் அவர் சொல்லக் கூடாது.

"மு. கார்த்தியாயினி, மேடைக்கு வரவும்" என்றது இயந்திரம். "இடத்தை ஏற்க, உங்கள் முழுப் பெயரை மைக்கில் சொல்லுங்கள். மூன்று வாய்ப்புகள் உண்டு."

ஆள்மாறாட்டம் நடந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. காலையிலிருந்து நூறு பிள்ளைகள் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. திரையில் கார்த்தியாயினியின் பெயருக்குக் கீழே, 'ஏற்காவிடில் அடுத்து: கோ. தாரகை' என்று சின்ன எழுத்தில் இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒல்லியான பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். கூடவே எழுந்த அவளுடைய அப்பா, மேடைப் படிக்கட்டோடு நிறுத்தப்பட்டார். அவள் மைக்கின் முன்னால் நின்றாள். தரையைப் பார்த்தாள். கோமதிக்கு அந்த நிற்பு நன்றாகத் தெரிந்தது.

"க..." என்றாள் அந்தப் பெண். "க... க..."

"குரல் தெளிவாக இல்லை. இரண்டாவது வாய்ப்பு" என்றது இயந்திரம்.

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். படிக்கட்டில் நின்ற முருகையா, "அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும் சார், எழுதிக் காட்டச் சொல்லுங்க சார்" என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எல்லாரிடமும் சொன்னார். மேடையில் இருந்த ஊழியர், இயந்திரத்துக்கு எழுத்து வேண்டாம் என்று கையை விரித்தார்.

"கா... க்..." உதடு மடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

"குரல் தெளிவாக இல்லை. கடைசி வாய்ப்பு."

கோமதி டீச்சர் தன் மனசில் அப்போது ஓடியதை யாரிடமும் பிறகு சொல்லவில்லை. சொல்லக்கூடியதாக அது இல்லை. வரக் கூடாது, வரக் கூடாது என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தடுக்கவும் இல்லை. இன்னும் சில விநாடிதான். அந்தப் பிள்ளையின் வாய் எப்போதும்போல மூடியே இருந்தால் போதும்.

பக்கத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தாரகை எழுந்து நின்றிருந்தாள்.

"பேசு, கார்த்தி!" என்று அவள் கத்தினாள். "யாரும் சிரிக்க மாட்டோம். மெதுவா பேசு. பேசு!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மேடையில் நின்ற பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள். கத்தியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கணம் முகத்தில் வந்தது பயமா, பழைய வெறுப்பா என்று சொல்ல முடியாது. பிறகு அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மு... மு... முருகையா மகள்" என்றாள். மூச்சை இழுத்து விட்டாள். "கா... கார்த்தி... யா... யினி."

இயந்திரம் யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

கொஞ்சம் கரகரப்பான, கனத்த குரல். இரண்டு வருஷம் வகுப்பில் வைத்திருந்த பிள்ளையின் குரலைக் கோமதி டீச்சர் அன்றைக்குத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே, தன் கை மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருப்பதையும், இவ்வளவு நேரமும் அவளை உட்கார வைப்பதற்காகக் கீழே இழுத்துக்கொண்டிருந்ததையும் கவனித்தாள். விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.